தையல் மிஷின் தூங்குவது ஏன்?

திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது தையல் மிஷின் இருக்கிறது. திண்ணையில் அல்ல, உள் அறையின் மூலையில், பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் ரேஷன் அரிசிப் பை இருக்கும். பிள்ளைகளின் புத்தகப் பை இருக்கும். தைக்கிற துணி மட்டும் இருக்காது.

அதே வீட்டுப் பெண் தீபாவளிக்கு ரவிக்கைத் துணி எடுக்கிறாள். துணியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். அருப்புக்கோட்டையில் ஒரு தையல் கடையில் கொடுத்துவிட்டு வருகிறாள். ஒரு வாரம் கழித்து, ரவிக்கையை வாங்க மறுபடியும் பஸ்.

"ஏன் மதினி, வீட்டில மிஷின் நிக்குது. துணியைத் தூக்கிக்கிட்டு டவுனுக்குப் போறீகளே?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், பதில் தயாராக இருக்கிறது.

"மிதிக்கத் தெரியும் மதினி. வெட்டத் தெரியாதே!"

மிஷின் தூங்குவதற்குக் காரணம் இதுதான். 2021ஆம் ஆண்டில் டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று வந்தது. போகவர அதிகச் செலவு இல்லை. ஆனால் தையல் கூலி ஊரை விட்டுப் போய்விடுகிறது.

வானம் பார்த்த பூமி

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி எல்லாம் வானம் பார்த்த பூமி. வருடம் முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. குண்டாறு இருக்கிறது; மழை பெய்தால்தான் அதில் தண்ணீர். கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் மானாவாரிதான். பருத்தி, சோளம், கம்பு, மக்காச்சோளம், உளுந்து, மல்லி, மிளகாய் என்று எதையாவது விதைத்துவிட்டு, ஐப்பசி மழையை எதிர்பார்த்திருப்பார்கள்.

களை எடுப்பும் பருத்தி எடுப்பும் முடிந்துவிட்டால் பெண்களுக்கு வயலில் வேலை இல்லை. வேலி கருவேல மரம் வெட்டலாம். கரிமூட்டத்தில் வேகலாம். இளம் பெண்கள் மில் வேனில் ஏறி நூல் மில்லுக்குப் போகிறார்கள். கைக்குழந்தைக்காரியும், வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவளும் வேன் ஏற முடியாது.

2018ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம், முன்னேற்றத்தில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று நாடு முழுவதற்கும் ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் அதில் இடம் பெற்றவை இரண்டே மாவட்டங்கள். ஒன்று ராமநாதபுரம், மற்றொன்று விருதுநகர். 1985ஆம் ஆண்டு வரை இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட ஊரில், வெயிலில் நிற்காமல், பிள்ளையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டே செய்யக் கூடிய தொழில் என்றால் அது தையல்தான். ஆகவேதான் ஒவ்வொரு அரசாங்கமும் தையலைப் பிடித்துக்கொள்கிறது.

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பேர் போன ஊர். இங்கே நெய்யும் பருத்திச் சேலைகள் வெளியூர்களுக்கும் போகின்றன. நூல் மில் உண்டு, தறி உண்டு, சாயம் உண்டு. ஆனால் நெசவு வளர்ந்த அளவுக்குத் தையல் வளரவில்லை. காரணம், சேலைக்குக் கத்தரிக்கோல் தேவை இல்லை. தறியில் இருந்து இறங்கியதும் மடித்து விற்றுவிடலாம். சட்டையும் ரவிக்கையும் தைப்பது கடைவீதியில் உட்கார்ந்திருந்த ஆண்களின் தொழிலாகவே வெகு காலம் இருந்தது. தமிழில் 'தையல்' என்றால் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. இருந்தும் தையல் கடையில் பெண்ணைப் பார்ப்பது அபூர்வமாக இருந்த காலம் அது!

இனாம் மிஷின்

தமிழ்நாடு அரசாங்கம் ஏழைப் பெண்களுக்குத் தையல் மிஷினை இனாமாகக் கொடுக்கிறது. திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. 1967ஆம் ஆண்டில் அண்ணாவின் மந்திரிசபையில் மந்திரியாக இருந்தவர் அவர். விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஊனமுற்றவர்கள், ஏழைக் குடும்பத்துப் பெண்கள் ஆகியோருக்கு இந்த மிஷின் கிடைக்கும். வயது 20 முதல் 40 வரை இருக்க வேண்டும். ஆறு மாதம் தையல் பழகியதற்குச் சான்றிதழ் வேண்டும்.

மிஷின் வாங்கியவர்கள் சான்றிதழும் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் போய் வந்தவர்கள்தான். அப்படியிருந்தும் ரவிக்கை வெட்டத் தெரியவில்லை என்றால் அந்த ஆறு மாதத்தில் என்ன நடந்தது?

பல இடங்களில் நடப்பது இதுதான். ஒரு கூடத்தில் பத்து மிஷின். இருபது, முப்பது பேர். முதல் மாதம் மிதிப்பதும், நேர்க்கோட்டில் தைப்பதும். பிறகு ஹெம்மிங், காஜா, பட்டன். அடுத்தது கைக்குட்டை, தலையணை உறை, குழந்தைக்கு ஜப்லா. ரவிக்கைக்கு வரும்போது டீச்சரே துணியை வெட்டிக் கொடுத்துவிடுகிறார். மாணவி தைக்கிறாள். நோட்டில் படம் வரைந்து, அளவுகளை எழுதி, துண்டுத் துணியில் செய்த மாதிரியையும் ஒட்டியாகிவிட்டது. நோட்டு அழகாக இருக்கிறது. ஆனால் கத்தரிக்கோல் அவள் கைக்கு வரவே இல்லை.

டீச்சரையும் குறை சொல்ல முடியாது. துணி விலை உயர்ந்துவிட்டது. முப்பது பேர் ஆளுக்கு ஒரு துணியைப் பாழாக்கினால் யார் பணம் கொடுப்பது?

கத்தரிக்கோலின் ரகசியம்

தைத்த தையல் கோணலாகப் போனால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். வெட்டிய துணி வெட்டியதுதான். பயம் அங்கேதான் வருகிறது. அதுவும் அடுத்த வீட்டுக்காரியின் கல்யாண ரவிக்கை என்றால் கை நடுங்காமல் என்ன செய்யும்?

ரவிக்கை பார்வைக்குச் சிறியது. துணி 80 சென்டிமீட்டரில் இருந்து 1 மீட்டர்தான். ஆனால் வீட்டில் தைக்கிற உடுப்புகளில் கடினமானது அதுவே. பாவாடை கொஞ்சம் பெரிதாகப் போனால் நாடாவை இழுத்துக் கட்டலாம். நைட்டி எப்படித் தைத்தாலும் நைட்டி. ரவிக்கை அரை அங்குலம் தப்பினாலும் போட முடியாது.

உதாரணமாக, மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நாலில் ஒரு பங்கு 9 அங்குலம். 9 அங்குலத்தில் வெட்டினால் முடிந்தது கதை! மூச்சு விட இடம் வேண்டும். அதற்கு அரை அங்குலம். தையலுக்குள் போகும் துணி தனி. அதற்கு மேலும் ஓர் அங்குலம் உள்ளே விட வேண்டும். உடம்பு கொஞ்சம் பூசினால் பிரித்து விட்டுக்கொள்வதற்கு. "உள்ளே துணி விட்டுத் தைங்க தாயி" என்று கிராமத்துப் பெண்கள் சொல்லாமல் போக மாட்டார்கள். ஒரு ரவிக்கை பல வருடம் உழைக்க வேண்டுமே.

அடுத்தது கைக்குழி. இதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். 'பிடிக்கக் கூடாது' என்று நினைத்துக் குழியை ஆழமாக வெட்டிவிடுகிறார்கள். நிற்கும்போது நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர்க் குடத்தைத் தலையில் ஏற்றக் கையைத் தூக்கியதும் ரவிக்கை முழுவதும் மேலே ஏறிவிடும். முன்பக்கக் குழிக்கும் பின்பக்கக் குழிக்கும் வளைவு வேறு. முன்பக்கம் சற்று உள்ளே வாங்க வேண்டும். கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டால் தோளில் சுருக்கம் விழும்.

துணியைப் போடும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. பாவு நூல் நீளவாட்டில் ஓடுகிறது. ஊடை நூல் குறுக்கே ஓடுகிறது. இந்த இரண்டு பக்கமும் துணி அதிகம் இழுபடாது. மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் இழுபடும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பக்கத் துண்டை இப்படிச் சாய்வாகப் போட்டு வெட்டினால் ரவிக்கை உடம்போடு ஒட்டி நிற்கும். இதைத்தான் 'கிராஸ் கட்டிங்' என்கிறார்கள். துணி கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் கூலியும் கூடுதல்.

இன்னொன்றும் உண்டு. புதிய பருத்தித் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். ஒரு மீட்டரில் ஓரிரு அங்குலம்கூடக் குறையலாம். உள்ளே வைக்கும் லைனிங் துணியும் அப்படியே. நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் முதல் சலவையோடு வாடிக்கையும் போய்விடும்.

துணி வீணாகாமல் இதையெல்லாம் பழக வழி இல்லையா? இருக்கிறது. பழைய தையல்காரர்கள் பையன்களைப் பழக்கிய வழி அதுதான். படித்து முடித்த செய்தித்தாளை விரித்து, அளவு போட்டு, வெட்டச் சொல்வார்கள். காகிதத் துண்டுகளை ஊசியால் சேர்த்துப் பார்த்தால் எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். பிறகு பழைய சேலை. பிறகு சொந்த ரவிக்கை. பத்து காகிதம், ஐந்து பழந்துணி என்று கத்தரிக்கோல் பிடித்தவளுக்குப் பயம் பாதி தெளிந்துவிடும். ஆறு மாதப் பயிற்சியில் இதற்கு ஒரே ஒரு மாதம் ஒதுக்கினால் போதும். காகிதத்துக்கு என்ன செலவு?

பாரிஸில் நடந்த கலகம்

தையல் மிஷின் பிறந்தபோதே ஒரு கலகம் நடந்தது. பிரான்ஸ் தேசத்தில் திமோனியே என்ற தையல்காரர் ஒரு மிஷின் செய்தார். பாரிஸ் நகரில் அப்படி 80 மிஷின்களை வைத்துப் பட்டாளத்து உடுப்புகள் தைத்தார்கள். 1831ஆம் ஆண்டில் மற்றத் தையல்காரர்கள் கூட்டமாகப் புகுந்து மிஷின்களை நொறுக்கிவிட்டார்கள். 'நம் பிழைப்புப் போய்விடும்' என்ற பயம்! பின்னால் அமெரிக்காவில் 1846ஆம் ஆண்டு எலியாஸ் ஹோ, 1851ஆம் ஆண்டு ஐசக் சிங்கர் ஆகியோர் மிஷினைத் திருத்தி அமைத்தார்கள். உலகமெல்லாம் பரவிவிட்டது.

அந்தப் பாரிஸ்காரர்கள் பயந்தது முழுவதும் சரியல்ல. மிஷின் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது தைக்கிற வேலையைத்தான். ஆளைப் பார்த்து அளவு எடுத்து, துணியை வெட்டுகிற வேலை அவர்களிடமே இருந்தது. திருச்சுழிப் பெண்களின் நிலைமை இதற்கு நேர் எதிர். மிஷின் செய்கிற வேலையை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலைக்குத்தான் போட்டி அதிகம், கூலி குறைவு.

வரப்போகும் தொழிற்சாலை

இப்போது இந்த மாவட்டத்தில் எல்லோரும் பேசுவது குமாரலிங்கபுரம் ஜவுளிப் பூங்காவைப் பற்றித்தான். சாத்தூர் தாலுகாவில் 1,052 ஏக்கரில் இது அமைகிறது. நாடு முழுவதும் ஏழு இடங்களில் இப்படிப் பெரிய ஜவுளிப் பூங்கா அமைக்க மத்திய அரசாங்கம் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் இடம் அறிவித்தது. அதில் தமிழ்நாட்டுக்கு இது ஒன்று. நூற்பு, நெசவு, சாயம், தையல் எல்லாம் ஒரே வளாகத்தில். ஒரு லட்சம் பேருக்கு வேலை என்பது அரசாங்கத்தின் கணக்கு.

நல்ல காரியம். மில் வேன் போல இனி உடுப்புத் தொழிற்சாலை வேனும் கிராமங்களுக்கு வரும். மாதச் சம்பளம் கிடைக்கும். பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டு. ஆனால் தாய்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலைத் தையல் வேறு. வீட்டுத் தையல் வேறு.

தொழிற்சாலையில் ஒரு சட்டை பல கைகள் மாறித்தான் வெளியே வருகிறது. ஒருத்தி காலர் மட்டும் தைப்பாள். ஒருத்தி பாக்கெட். ஒருத்தி பட்டன் மட்டும். மோட்டார் மிஷின் நிமிஷத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல் போடும். காலால் மிதிக்கிற மிஷின் அதற்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. துணியை மேஜை மேல் அடுக்கடுக்காகப் பரப்பி, மின்சாரக் கத்தியால் ஒரே வீச்சில் வெட்டுவார்கள். அந்த மேஜைக்குத் தலைவர் 'கட்டிங் மாஸ்டர்'. பெரும்பாலும் அவர் ஆண். சம்பளமும் அவருக்கு அதிகம். பத்து வருடம் காலர் தைத்த பெண், கல்யாணமாகியோ பிள்ளை பெற்றோ வீட்டுக்குத் திரும்பினால் அவளுக்குத் தெரிந்தது காலர்தான். முழுச் சட்டை தெரியாது.

இன்னொரு விஷயம். தொழிற்சாலையின் ஆர்டர் கடல் தாண்டி வருகிறது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவிகிதம் வரி போட்டபோது திருப்பூர் எப்படிக் கலங்கியது என்பதைப் பேப்பரில் படித்திருப்பார்கள். திருச்சுழியில் ரவிக்கை தைக்கிறவளுக்கு அந்தக் கவலை இல்லை. அவளுக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் பொங்கலும் தீபாவளியும் அம்மன் கோயில் பொங்கலும் கல்யாண மாதங்களும்தான். ஆனால் இடையில் வரும் மாதங்களில் கை சும்மா இருக்கும். அதையும் மறைப்பதற்கில்லை.

நடுவே ஒரு வழி

தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. இதே மாவட்டத்தில், ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தளவாய்புரம், செட்டியார்பட்டி ஊர்களைப் பாருங்கள். நைட்டியும் உள்பாவாடையும் தைப்பது அங்கே பெரிய தொழில். வெளி மாநிலங்களுக்கும் சரக்குப் போகிறது. தெற்கே தூத்துக்குடி மாவட்டத்தில் புதியம்புத்தூரை 'குட்டித் திருப்பூர்' என்றே அழைக்கிறார்கள். ரெடிமேட் உடுப்புதான் அந்த ஊரின் பிழைப்பு. அதுவும் கரிசல் காடுதான். அங்கேயும் வானம் பார்த்த விவசாயம்தான்.

இந்த ஊர்களின் பலம் மிஷினின் எண்ணிக்கை அல்ல. வெட்டுகிறவர்களும், மொத்தமாகத் துணி வாங்கிச் சரக்கை விற்கத் தெரிந்தவர்களும் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். வெட்டிய துணி வீடுகளுக்குப் போகிறது, தைத்துத் திரும்புகிறது. வெட்டத் தெரியாதவளுக்கும் அங்கே வேலை உண்டு, வெட்டத் தெரிந்தவர் பக்கத்துத் தெருவில் இருப்பதால்.

திருச்சுழி வட்டாரத்தில் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள்; மிஷின் இருக்கிறது; நடுவே உள்ள ஆள் இல்லை. ஊருக்கு ஒரு பெண் நன்றாக வெட்டப் பழகினால் போதும். அந்தத் தெருவில் ஐந்து மிஷின்கள் விழித்துக்கொள்ளும்.

பள்ளிச் சீருடைத் தையலும் இப்படிப்பட்டதே. 1985ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் அது. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு நாலு ஜோடி என்று பின்னால் வளர்ந்தது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் அதைத் தைத்துக் கூலி பெறுகிறார்கள். நல்ல வருமானம்தான். ஆனால் வேலை வந்தால் ஒரேயடியாக வரும், முடிந்தால் முடிந்தது.

சொந்தக் கடை போட நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையலும் ஒரு தொழில். மூன்று லட்சம் ரூபாய் வரை கடன். அதில் நாலில் ஒரு பங்கு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஓவர்லாக் மிஷின், மோட்டார், வெட்டும் மேஜை வாங்க இது உதவும். ஆனால் வெட்டத் தெரியாமல் கடன் வாங்கினால், மூலையில் ஒன்றுக்கு இரண்டாக மிஷின் தூங்கும். வட்டி மட்டும் விழித்திருக்கும்.

மாவட்டத்துக்கு ஒன்று என்று வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பெண்கள் உடை தைக்கச் சுமார் ஒரு மாதம் பயிற்சி கொடுக்கிறார்கள். கட்டணம் இல்லை, சாப்பாடும் உண்டு. ஒரு மாதம் ரவிக்கைக்குப் போதாது என்றாலும், அடிப்படை தெரிந்தவள் போனால் பலன் இருக்கும்.

எந்தப் பயிற்சியில் சேருவதாக இருந்தாலும், பெயர் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்டுவிடுவது நல்லது. "சான்றிதழ் கிடைக்குமா?" என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு. "எத்தனை ரவிக்கை என் கையால் வெட்ட விடுவீர்கள்? அதைப் போட்டுப் பார்த்துத் தப்பு எங்கே என்று சொல்வீர்களா?"